பிராசசர் கொதிக்கிறதா? புதுக் கூலர் வாங்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்

வீட்டிலேயே பாகங்களை வாங்கிப் பூட்டிய டெஸ்க்டாப்பில் கேம் ஆடும்போது திடீரென்று வேகம் குறைகிறது, ஃபேன் இரைகிறது, சில நேரம் தானாகவே அணைந்துவிடுகிறது. பிராசசரின் வெப்பத்தைப் பார்த்தால் 95, 100 என்று காட்டுகிறது. இந்த நிலையில் பெரும்பாலானோர் செய்வது நேராகப் போய் ஐந்தாயிரம் ரூபாய்க்குக் கூலர் வாங்குவது. அதைப் பூட்டிய பிறகும் சூடு குறையாமல் போவதுண்டு. காரணம், கோளாறு கூலரில் இருக்காது.

பிராசசரில் பிறக்கும் வெப்பம் தெர்மல் பேஸ்ட் (பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் பசை), கூலரின் அடித்தட்டு, செப்புக் குழாய்கள், தகடுகள், ஃபேன், கேபினட், கடைசியாக அறைக் காற்று என்று கைமாறிப் போகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியில் அது அடைபடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதற்குக் காசு செலவில்லை. பழுது நீக்கவும் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள், ஒரு விடுமுறை நாளின் முற்பகல் போதும்.

நம் ஊரில் மொத்தப் பெட்டியையே ‘சிபியு’ என்று சொல்வதால் குழப்பம் வரும். இங்கே பிராசசர் என்றால் மதர்போர்டில் உட்காரும் சிப், கேபினட் என்றால் பெட்டி.

1. முதலில் மூன்று எண்களை எழுதி வையுங்கள்

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, சென்சார் பக்கத்தை மட்டும் திறங்கள். இன்டெல் என்றால் ‘சிபியு பேக்கேஜ்’, ஏஎம்டி என்றால் ‘டிசிடிஎல்’ என்ற சொல் உள்ள வரியில்தான் உண்மையான வெப்பம் இருக்கும். மதர்போர்டு சென்சார்களின் கீழே ‘சிபியு’ என்று இன்னொரு வரி வரும், அதை நம்பாதீர்கள்.

எழுத வேண்டியவை: வெப்பம், ‘பேக்கேஜ் பவர்’ வரியில் உள்ள வாட், அறையின் வெப்பநிலை. அறைக்கு ஒரு சாதாரண வெப்பமானி போதும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டுக்கும் பொருள் இல்லை. ‘எனக்கு 90 டிகிரி வருகிறது, சரியா?’ என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. 65 வாட்டில் 90 என்றால் பூட்டியதில் கோளாறு. 230 வாட்டில் 90 என்றால் கூலர் நன்றாகவே வேலை செய்கிறது.

அறை 10 டிகிரி குறைந்தால் பிராசசரும் ஏறத்தாழ 10 டிகிரி குறையும். ஏசி அறையில் டிசம்பரில் எடுத்த எண்ணை, மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் வரும் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) நுழைந்து வெப்பம் பார்ப்பதும் பொதுவான தவறு. பயாஸ் ஓடும்போது பிராசசர் மின்சேமிப்பு நிலைக்குப் போகாது. அதனால் அங்கே எண் கூடுதலாகவே தெரியும்.

2. உங்கள் மாடலின் எல்லை எது?

இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களின் எல்லை 100 டிகிரி. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் மாடலைப் பொறுத்து 90 அல்லது 95. ரைசன் 7000 வரிசையில் 95. அதே வரிசையின் எக்ஸ்3டி மாடல்களில் 89. எல்லையைத் தொட்டதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் கணினியை அணைத்துவிடும். இந்தப் பாதுகாப்பு இருப்பதால் ஒருமுறை 100ஐத் தொட்டதாலேயே சிப் கருகிவிடாது. பதறாமல் வேலை பார்க்கலாம்.

ரைசன் 7600எக்ஸ், 7700எக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: முழுச் சுமையில் 95 வரை போய், அங்கேயே நின்று வேலை செய்யும்படிதான் அவை வடிவமைக்கப்பட்டுள்ளன. அது கோளாறு இல்லை. வேண்டாம் என்றால் படி 7ல் உள்ள வழி இருக்கிறது.

3. பத்து நிமிடச் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மற்றவை எல்லாம் இதன் விடையைப் பொறுத்தவை.

பிராசசருக்கு முழுச் சுமை தரும் சோதனை நிரலான சினிபெஞ்ச் ஆர்23ஐ இறக்கி, மல்ட்டி கோர் சோதனையை 10 நிமிடம் ஓட விடுங்கள். பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோ திறந்திருக்கட்டும். கடைசி எண் எவ்வளவு என்பதைவிட வெப்பம் எப்படி ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

தொடங்கிய ஐந்து விநாடிக்குள் எல்லையைத் தொட்டு, வாட் மட்டும் 60, 80 என்று குறைவாக இருந்தால், வெப்பம் கூலருக்குள்ளேயே போகவில்லை. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தொடர்பு சரியில்லை. பேஸ்ட் காய்ந்திருக்கும், ஒரு பக்கத் திருகு தளர்ந்திருக்கும், அல்லது அடித்தட்டின் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் இருக்கும். நேராகப் படி 6க்குப் போங்கள்.

முதல் நிமிடத்தில் 70, மூன்றாவதில் 80, எட்டாவதில் 92 என்று மெல்ல ஏறிக்கொண்டே போனால், வெப்பம் கூலருக்குப் போகிறது, ஆனால் வெளியே போக வழியில்லை. தூசி, ஃபேன், கேபினட் காற்றோட்டம் ஆகியவற்றில் ஒன்று. படி 4, 5.

சட்டென்று எல்லையைத் தொட்டு, வாட்டும் 200க்கு மேல் இருந்தால் கூலரின் தகுதிக்கு மேல் மின்சாரம் போகிறது. படி 7.

இரண்டு மூன்று நிமிடத்தில் 80ஐ ஒட்டி ஏறி அங்கேயே நின்றுவிட்டால் எந்தக் கோளாறும் இல்லை. விட்டுவிடுங்கள்.

அடுத்து கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி வைத்து இதே சோதனையை மீண்டும் ஓட்டுங்கள். இரண்டு மூன்று டிகிரிதான் குறைந்தது என்றால் கேபினட் மேல் பழி இல்லை. ஏழெட்டு டிகிரி குறைந்தால் உள்ளே காற்று தேங்குகிறது. அதற்காகக் கதவைத் திறந்தே வைத்துப் பயன்படுத்துவது தீர்வாகாது. தூசி நேரே உள்ளே போகும், பல்லி புகுந்து மதர்போர்டில் ஓடும்.

சோதனையின்போது ‘தெர்மல் த்ராட்டிலிங்’ (சூட்டால் வேகத்தைக் குறைப்பது) வரியில் ‘ஆம்’ என்று வருகிறதா, வேகம் எவ்வளவு என்றும் பாருங்கள். எடுத்துக்காட்டாக, இன்டெல் ஐ5 12400எஃப் எல்லாக் கோர்களிலும் 4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது. வெப்பம் எல்லையில் நிற்க, அது 3க்கும் கீழே போனால் சூட்டால்தான் மெதுவாகிறது.

ஒரு வேலையும் செய்யாதபோதே 70க்கு மேல் நிற்கிறதா? டாஸ்க் மேனேஜரைத் திறந்து எந்த நிரல் பிராசசரைத் தின்கிறது என்று பாருங்கள். கிராக் செய்த கேமோடு வந்த கிரிப்டோ சுரங்க நிரல்கள் இப்படிச் செய்யும். அவற்றில் சில, டாஸ்க் மேனேஜர் திறந்ததும் ஒளிந்துகொள்ளும். அப்போது எச்டபிள்யூஇன்ஃபோவின் வாட் வரி காட்டிக்கொடுக்கும்.

4. கழற்றாமலே சரிபார்க்க வேண்டியவை

பிராசசர் ஃபேனின் கம்பி மதர்போர்டில் ‘சிபியு ஃபேன்’ என்று அச்சிட்ட இடத்தில்தான் செருகியிருக்க வேண்டும். கேபினட் ஃபேனுக்கான இடத்தில் செருகினால் ஃபேன் சுற்றும், ஆனால் பிராசசர் சூட்டுக்கு ஏற்ப வேகம் கூடாமல் போகலாம். பயாஸில் நான்கு முனை ஃபேனுக்கு ‘பிடபிள்யூஎம்’, மூன்று முனை ஃபேனுக்கு ‘டிசி’ என்று இருக்கிறதா பாருங்கள்.

ஃபேன் வேக வளைவு பல போர்டுகளில் ‘சைலண்ட்’ என்று வந்திருக்கும். 40 டிகிரியில் 30 சதவீதம், 60ல் 50, 75ல் 80, 85ல் 100 என்று வைத்தால் நம் கோடைக்கு ஒத்துவரும்.

ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது? சட்டகத்தின் குறுக்குக் கைகள் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். முன்பக்க ஃபேன்கள் உள்ளே இழுக்கவும், பின்பக்க ஃபேன் வெளியே தள்ளவும் வேண்டும். டவர் கூலரின் (தகடுகள் கோபுரம் போல நிற்கும் வகை) ஃபேன் ரேம் பக்கம் இருந்து, பின்பக்கத்தை நோக்கி ஊத வேண்டும். எல்லா ஃபேனும் உள்ளே ஊதும்படி பூட்டிவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. ஒரு துண்டு டிஷ்யூ தாளைக் காட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கணினி மேசையின் கீழ் அறைக்குள் கேபினட்டைத் தள்ளி வைத்திருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி வேண்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக உள்ள மலிவு கேபினட்டுகளில் காற்று வர ஓரத்தில் விரலகலச் சந்துதான் இருக்கும். அந்த வகைக்கு எத்தனை ஃபேன் சேர்த்தாலும் பலன் குறைவு.

திரவக் கூலர் வைத்திருந்தால், பம்ப் சுற்றுகிறதா என்பதே முதல் கேள்வி. பம்பின் வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் காட்டும். சுழியம் என்றால் பம்ப் செத்துவிட்டது அல்லது கம்பி கழன்றுவிட்டது. பம்பை எப்போதும் 100 சதவீதத்தில் ஓட விடுங்கள். ரேடியேட்டரைவிடப் பம்ப் உயரமாக இருக்கும்படி பூட்டினால் காற்றுக்குமிழ் பம்பில் போய்த் தங்கும்.

5. தூசி தட்டுதல்: 45 நிமிடம்

கடையில் 30 முதல் 60 ரூபாய்க்குக் கிடைக்கும் ஓர் அங்குலப் பெயின்ட் பிரஷ், ஒரு முகக்கவசம், இருந்தால் மின்சார ஊதுகருவி. கருவி வாங்க ஆயிரம் முதல் இரண்டாயிரம் ஆகும். பக்கத்து வீட்டிலோ தச்சரிடமோ இரவல் வாங்கலாம்.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பின்னால் உள்ள சுவிட்சை அணைத்து, கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பால்கனிக்கோ மாடிக்கோ கொண்டு போய் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது கட்டாயம். விட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றிப் பேரிங் போகும்.

மேலோட்டமாகப் பார்த்தால் கூலர் சுத்தமாகத் தெரியும். ஃபேனைக் கழற்றினால் அதற்கும் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி போலத் தூசி படிந்திருக்கும். அடைப்பது அதுதான். சமையலறைப் புகையும் ஊதுபத்திப் புகையும் படும் வீட்டில் இது எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருக்கும், ஊதினால் போகாது. பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். முன்பக்க டஸ்ட் ஃபில்டரைக் கழற்றித் தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். வீட்டு வேக்கம் கிளீனரை மதர்போர்டு அருகே கொண்டுபோகாதீர்கள், நிலைமின்சாரம் தாக்கும்.

முடிந்ததும் படி 3ன் சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.

6. கூலரைக் கழற்றிப் பேஸ்ட் மாற்றுதல்: ஒன்றரை மணி நேரம்

வேண்டியவை: 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (150 முதல் 350 ரூபாய்), 4 கிராம் தெர்மல் பேஸ்ட் (350 முதல் 700 ரூபாய்), நூல் பிரியாத மெல்லிய துணி, நீளமான நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர். 4 கிராம் குழல் ஐந்தாறு முறைக்கு மேல் வரும். ஆகவே பெரிய குழல் வேண்டாம்.

ரைசன் 5000 வரையிலான ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இந்தப் பிராசசர்களின் அடியில் 1331 ஊசிகள் இருக்கின்றன. பேஸ்ட் இறுகிப்போன கூலரை நேராக மேலே இழுத்தால், லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், ஊசி வளையும். கழற்றுவதற்குச் சற்று முன் பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, திருகுகளைக் கழற்றிய பின் கூலரை இடமும் வலமுமாகத் திருகித் திருகி இளக்கி, அதன் பிறகே தூக்குங்கள். நான்கு திருகையும் கழற்றினால் மதர்போர்டின் பின்தகடு நழுவி விழும். ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கழற்றியதும் துடைத்துவிடாதீர்கள். பேஸ்ட் பரவியிருக்கும் விதமே நோயைச் சொல்லும். ஒரு பக்கம் மெல்லியதாகவும் மறுபக்கம் தடிப்பாகவும் இருந்தால் கூலர் சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் மட்டும் வட்டமாகப் பரவி ஓரம் காலியாக இருந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது பேஸ்ட் குறைவு. கூலர் அடித்தட்டில் தெளிவான பிளாஸ்டிக் தாள் இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு பரப்பையும் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாமல் போகும்வரை துடையுங்கள். துடைத்த பிராசசரின் மேல் பொறித்துள்ள எழுத்துகளைக் கைபேசியில் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள். வாரண்டிக்குத் தேவைப்படும், மறுபடி கழற்றாமல் அதைப் பார்க்க முடியாது.

நடுவில் ஒரு பட்டாணி அளவு, நான்கைந்து மில்லிமீட்டர். நீள்சதுரமான 12ஆம் தலைமுறை முதலான இன்டெல்லுக்கு, நீளவாக்கில் ஒரு கோடு அல்லது மூன்று சிறு புள்ளிகள். விரலால் பரப்ப வேண்டாம். கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். பற்பசை, எல்இடி விளக்குக்குப் பூசும் வெள்ளைப் பசை எல்லாம் சில வாரத்தில் காய்ந்துவிடும். பேஸ்ட்டுக்குப் பதிலாகச் சிலர் பூசும் திரவ உலோகத்தைப் புதியவர்கள் தொடவே வேண்டாம்: அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும், ஒரு துளி மதர்போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகும்.

பூட்டும்போது ஒரு திருகை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். குறுக்காக, மூலைக்கு மூலை, தலா இரண்டு சுற்று.

இன்டெல் பிராசசரின் அட்டைப்பெட்டியிலேயே வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஆணிகள்தான் வீட்டில் பூட்டும் கணினிகளில் மிகுதியாகத் தொல்லை தருபவை. தலையில் உள்ள அம்புக்குறியின் திசையில் திருப்பினால் கழலும். ஆகவே பூட்டும் முன் எதிர்த்திசையில் முழுக்கத் திருப்பி வையுங்கள். எதிரெதிர் மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்துங்கள், ஒவ்வொன்றும் ‘க்ளிக்’ என்று சொல்ல வேண்டும். பிறகு மதர்போர்டின் பின்பக்கம் பாருங்கள்: நான்கு வெள்ளைக் கால்களும் ஒரே அளவு வெளியே வந்து, நடுவில் கறுப்பு ஊசி தெரிய வேண்டும். மூன்று சரியாக இருந்து ஒன்று அரைகுறையாக இருந்தாலே 20, 30 டிகிரி கூடிவிடும். கேபினட்டுக்குள் கை நுழையாவிட்டால் மதர்போர்டை வெளியே எடுத்தே செய்யுங்கள்.

பழைய கூலரை 12ஆம் தலைமுறை முதலான இன்டெல் போர்டில் மாட்டியவர்களுக்கு இன்னொரு பொறி. பழைய சாக்கெட்டில் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர், இந்தப் போர்டுகளின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 78. உயரமும் சற்றுத் தாழ்வு. சரியான பூட்டுத் தகடு இல்லாமல் இழுத்துப் பூட்டினால், திருகு இறுகும், அடித்தட்டு பிராசசரை அழுத்தாது. கூலர் நிறுவனங்கள் சில, இந்தத் தகட்டைத் தனியாகத் தருகின்றன. பில்லை அனுப்பிக் கேட்டுப் பாருங்கள்.

7. பயாஸில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துதல்: 20 நிமிடம், செலவில்லை

பல மதர்போர்டுகள் பிராசசரின் மின் வரம்பைத் தாமே அவிழ்த்துவிடுகின்றன. சில போர்டுகள் முதல்முறை இயங்கும்போது ‘என்ன கூலர்?’ என்று கேட்கும். அங்கே ‘வாட்டர் கூலர்’ என்று அழுத்தினால் வரம்பே இருக்காது. பிராசசரோடு வந்த கூலரை வைத்துக்கொண்டு அதைத் தேர்ந்தவர்கள் திரும்பிப் போய் மாற்றுங்கள்.

ஐ5 12400எஃப்புக்கு இன்டெல் சொல்லும் நீண்டநேர வரம்பு 65 வாட், குறுகியநேர வரம்பு 117. பிஎல்1, பிஎல்2 இடங்களில் இவற்றை நீங்களே எழுதலாம். ஐ7 13700கே போன்றவை 253 வாட் வரை போகும். ஒற்றை டவர் கூலர் அதைத் தாங்காது. 150 வாட்டில் நிறுத்துங்கள், கேமில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

ஏஎம்டியில் ‘ஈக்கோ மோட்’. 105 வாட் ரைசன்கள் உண்மையில் 142 வாட் வரை இழுக்கும். 65 வாட் ஈக்கோவில் அது 88 ஆகிவிடும். கர்வ் ஆப்டிமைசரில் (மின்னழுத்தத்தைக் குறைக்கும் பயாஸ் அமைப்பு) எல்லாக் கோருக்கும் எதிர்மறை 15 வைத்தாலும் சில டிகிரி குறையும். ஆனால் கணினி சும்மா இருக்கும்போது உறைந்துபோனால் எதிர்மறை 10க்குத் திரும்புங்கள்.

இன்றைக்கே அவசர வேலை, பயாஸ் தொட பயம் என்றால் ஒரு தற்காலிக வழி: விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசசரின் உச்ச நிலையை 99 சதவீதமாக்குங்கள். டர்போ (பிராசசர் தானாகக் கூட்டிக்கொள்ளும் வேகம்) நின்றுவிடும், வெப்பம் சட்டென்று இறங்கும், வேகமும் குறையும்.

8. எப்போது புதுக் கூலர்?

மேலே உள்ள எல்லாம் செய்தும், வாட்டை நியாயமாகக் குறைத்தும் எல்லையைத் தொட்டால்தான். ஒற்றை டவர் சுமார் 1,600 முதல் 2,500 ரூபாய், இரட்டை டவர் 3,000 முதல் 4,500, 240 மில்லிமீட்டர் திரவக் கூலர் 5,000க்கு மேல். ஆறு கோர் பிராசசருக்கு ஒற்றை டவர் போதும். பம்ப் செத்தால் அப்படியே தூக்கிப் போட வேண்டிய திரவக் கூலரைவிட, ஃபேன் மட்டும் மாற்றினால் பத்தாண்டு ஓடும் டவர் நல்ல முதலீடு என்பது என் கருத்து.

வாங்கும் முன் கேபினட் எத்தனை மில்லிமீட்டர் உயரக் கூலரை ஏற்கும் என்று பாருங்கள். 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள டவர்கள் பெரும்பாலும் 150 முதல் 160 உயரம். ஒல்லிக் கேபினட்டில் கதவு மூடாது.

9. வாரண்டிக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஜிஎஸ்டி பில், அதில் பிராசசரின் வரிசை எண், பிராசசர் வந்த அட்டைப்பெட்டியின் ஒட்டுச்சீட்டுப் படம், படி 6ல் எடுத்த பிராசசர் படம், சினிபெஞ்ச் ஓடும்போது எடுத்த எச்டபிள்யூஇன்ஃபோ ஸ்கிரீன்ஷாட்டுகள். இன்டெல்லில் எஃப்பிஓ, ஏடிபிஓ என்ற இரண்டு எண்களையும் கேட்பார்கள். இரண்டும் பெட்டியின் ஒட்டுச்சீட்டில் இருக்கும். பெட்டியை எறியாதீர்கள்.

அட்டைப்பெட்டியோடு வாங்கிய பிராசசருக்குப் பொதுவாக மூன்றாண்டு வாரண்டி. சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ ‘ட்ரே பீஸ்’ (அட்டைப்பெட்டி இல்லாமல் விற்கும் பிராசசர்) என்று சில நூறு ரூபாய் குறைத்து வாங்கியிருந்தால் பொறுப்பு விற்ற கடைக்கு மட்டுமே. எத்தனை மாதம் என்று பில்லில் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர்கள் பயாஸின் தேதியைப் பாருங்கள். மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போய்ச் சிப் சிதையும் கோளாறுக்கு 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் திருத்தம் வெளியிட்டது. அதற்கு முந்தைய பயாஸ் என்றால் உடனே புதுப்பியுங்கள். ஏற்கெனவே கேம்கள் காரணமின்றி மூடிக்கொள்கின்றன, நீலத்திரை வருகிறது என்றால் புதுப்பித்தாலும் சிதைந்தது திரும்பாது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்குப் பெட்டி வாரண்டி ஐந்தாண்டாக நீட்டிக்கப்பட்டுள்ளது, அதனால் மூன்றாண்டு முடிந்துவிட்டது என்று கடையில் சொன்னாலும் நிறுவனத்திடம் நேரடியாக விண்ணப்பியுங்கள்.